கீலை முதலில் செய்யுங்கள், செதுக்குவது கடைசியில்

கேள்வி இதுதான்: ஒரு குறிப்பேட்டுக்கு மரத்தில் அட்டை செய்து, முன்பக்கம் கொடி வேலைப்பாடு செதுக்கி, திறந்து மூடும் கீலையும் மரத்திலேயே வைக்க வேண்டும். உலோகக் கீல் கூடாது. ஒருமுறை செய்து பார்த்ததில் கீலின் கணுக்கள் இரண்டாம் நாளே ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து விழுந்துவிட்டன. மரம் கெட்டியான மரம், பிசினும் நல்ல பிசின். எங்கே தப்பு?

கேட்டவர் சொன்ன ஒரு வார்த்தையிலேயே பதில் இருக்கிறது. உடைந்த இடம் "சீவினதுபோல நேராக" இருந்தது என்கிறார். மரம் பலத்தால் முறிந்தால் அப்படி இருக்காது, நார் நாராகக் கிழிந்து நிற்கும். நேராகப் போனால் அது முறிவு அல்ல, பிளவு. விறகு பிளப்பதுபோல ரேகையோடு, அதாவது நார் ஓடும் திசையோடு, பிளந்திருக்கிறது.

எல்லோரும் அட்டைப் பலகையை ரேகை மேலிருந்து கீழாக ஓடும்படி வெட்டுகிறோம். பார்க்க அழகு, பலகையும் நெடுக விறைப்பாக நிற்கும். ஆனால் கணு என்பது பலகையின் ஓரத்திலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு. அதே பலகையில் அதை வெட்டினால் கணுவுக்குள்ளும் ரேகை மேலிருந்து கீழாகத்தான் ஓடும், அதாவது கணுக்களைக் கோக்கும் கீல் அச்சுக்கு இணையாக. அட்டையைத் திறக்கும்போது விசை பக்கவாட்டில் இழுக்கிறது. மரத்தை அந்தத் திசையில் பிடித்து வைத்திருப்பது நார் அல்ல, நாரையும் நாரையும் ஒட்டவைக்கும் பசை மட்டும்தான்.

சந்தேகமிருந்தால் ஒரு நிமிடச் சோதனை செய்து பாருங்கள். ஒரே பலகையிலிருந்து 5 மி.மீ கனத்தில், விரல் நீளத்தில் இரண்டு குச்சிகள் வெட்டுங்கள். ஒன்றில் ரேகை நெடுக ஓடட்டும், மற்றொன்றில் குறுக்கே ஓடட்டும். குறுக்கு ரேகைக் குச்சி இரண்டு விரலுக்கு நடுவில் பிஸ்கட்டு மாதிரி ஒடியும். நெடுக்கு ரேகைக் குச்சியை ஒடிக்க இரண்டு கையும் வேண்டும். உங்கள் கீல் அந்தக் குறுக்கு ரேகைக் குச்சியால் ஆனது.

நானும் இதே பாடத்தை இதே வழியில்தான் கற்றேன். மூன்று வாரம் உட்கார்ந்து தேக்கில் ஒரு முன்னட்டை செதுக்கினேன், கீலைக் கடைசியில் வெட்டினேன். மூன்றாவது தடவை திறந்தபோது "டக்" என்று ஒரு சத்தம், மேல் கணு மடியில் விழுந்தது. செதுக்கல் முழுசாக இருந்தது, அட்டைதான் இல்லை. அதிலிருந்து நான் கீலை முதலில் முடிப்பேன், ஐம்பது முறை திறந்து மூடிப் பார்ப்பேன், அப்புறம்தான் உளியை எடுப்பேன்.

கணுவில் ரேகை அச்சுக்குக் குறுக்கே ஓட வேண்டும். இதற்கு ரொம்பப் பழைய சாட்சிகள் உண்டு. குர்ஆன் வைத்து ஓதும் மடிப்புப் பலகையைப் பார்த்திருப்பீர்கள், ரெஹால் என்பார்கள். ஒரே பலகையை இரண்டு முனையிலிருந்தும் உள்வாட்டில் அறுத்து, நடுவில் கணுக்களைக் கோத்தபடியே செதுக்கி எடுப்பது. அச்சுக்கம்பிகூடக் கிடையாது. அது தலைமுறை தலைமுறையாக உழைப்பதற்குக் காரணம், பலகையின் ரேகை நெடுக ஓடுகிறது, கீல் அதற்குக் குறுக்கே விழுகிறது. அடுத்தமுறை ஒன்றைக் கையில் எடுத்தால் கணுக்களின் மேல் ரேகை எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

இன்னொன்று இன்னும் பழையது. துருக்கியின் தென்கரையில் உலுபுருன் என்ற இடத்தில், கிறிஸ்துவுக்கு முன் 14-ஆம் நூற்றாண்டில் மூழ்கிய கப்பலை 1984 முதல் 1994 வரை அகழ்ந்தார்கள். அதில் மெழுகு பூசி எழுதும் இரட்டைப் பலகை ஒன்று கிடைத்தது. உள்ளங்கையில் அடங்கும், இன்றைய புத்தகத்தின் மூதாதை. பலகைகள் பாக்ஸ்வுட் மரம், கீல் மட்டும் யானைத் தந்தம், மூன்று துண்டாகச் செய்த உருளை. பலகைக்கு ஒரு பொருள், கீலுக்கு வேறு பொருள் என்று அன்றைக்கே பிரித்துச் செய்திருக்கிறார்கள். நான் சொல்லப்போகும் முறையும் அதுதான்: பலகை தனி, கணு தனி.

"சரி, அட்டை முழுவதையும் ரேகை படுக்கையாக ஓடும்படி வெட்டிவிட்டால் போயிற்றே" என்று தோன்றும். அட்டைக்கு அது ஓரளவு சரிதான். முதுகுக்கு, அதாவது இரண்டு அட்டைக்கும் நடுவில் நிற்கும் பலகைக்கு, சரிப்படாது. 5 செ.மீ அகலம், 21 செ.மீ உயரம் உள்ள முதுகில் ரேகை அகலவாட்டில் ஓடினால், ஒருமுறை கீழே விழுந்தாலே முதுகு இரண்டாகும். தவிர, மரம் ரேகைக்குக் குறுக்கேதான் ஊதிச் சுருங்கும். பச்சை மரம் முழுக்கக் காயும்போது ரேகை நெடுக 0.1 முதல் 0.2 சதவீதமே சுருங்குகிறது. குறுக்கே, ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், பெரும்பாலான மரங்கள் 5 முதல் 12 சதவீதம் சுருங்கும். மையத்திலிருந்து வெளிநோக்கிய ஆரத் திசையில் ஏறக்குறைய அதில் பாதி. காய்ந்த பலகையும் பருவத்துக்கு ஏற்ப ஈரத்தை இழுத்து விட்டுக்கொண்டே இருக்கும். 150 மி.மீ அகலப் பலகையில் ஈரம் 4 சதவீதப் புள்ளி ஏறினால் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் வரை அகலும். அட்டையில் அந்த அசைவு வாய்ப்பக்கமாக, அதாவது முதுகுக்கு எதிர்ப்பக்கமாக, போய்விட்டால் யாருக்கும் தெரியாது. உயரவாட்டில் வந்தால் காகிதம் அட்டையைத் தாண்டி எட்டிப் பார்க்கும்.

ஆகவே அட்டைப் பலகையில் ரேகை மேலிருந்து கீழாகவே ஓடட்டும். கணுக்களைத் தனித்தனித் துண்டாக, ரேகை படுக்கையாக ஓடும்படி வெட்டி, பலகையின் ஓரத்தில் குழி எடுத்துச் செருகுங்கள். முதுகை ஒரே பலகையாகச் செய்யாதீர்கள். அதையும் ஏணிப்படிபோலத் தனித்தனிப் படிகளாகச் செய்யுங்கள். ஒவ்வொரு படியிலும் ரேகை படுக்கையாக ஓடும், இரண்டு முனையிலும் துளை இருக்கும். இரண்டு அச்சுகள் எல்லாவற்றையும் கோத்துப் பிடிக்கும். படிகளுக்கு நடுவே ஜன்னல் மாதிரி இடைவெளி விழும். அதன் வழியே உள்ளே தையல் நூல் தெரிவது எனக்குப் பிடிக்கும். ஒரு படி உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம் என்பது இன்னும் பிடிக்கும்.

அளவுகளை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். ஏ5 காகிதம், 148-க்கு 210 மி.மீ. தாள்களின் மொத்தக் கனம் 30 மி.மீ. அட்டைப் பலகை 12 மி.மீ கனம், உயரம் 216, மேலும் கீழும் 3 மி.மீ கூடுதல். அந்த 216-ஐ ஒன்பதாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 24. முதல், மூன்றாம், ஐந்தாம், ஏழாம், ஒன்பதாம் இடங்கள் முதுகுப்படிக்கு. நடுவில் உள்ள நான்கு இடங்கள் அட்டைக் கணுவுக்கு. மேல், கீழ் இரண்டு முனையும் முதுகுப்படியாக இருப்பது முக்கியம், காரணம் பின்னால் வரும்.

அச்சு, கனத்தின் நட்டநடுவில், அதாவது எந்தப் பரப்பிலிருந்தும் 6 மி.மீ உள்ளே. அச்சு 3 மி.மீ என்றால் சுற்றிலும் நாலரை மி.மீ மரம் மிஞ்சும், அது போதும். 10 மி.மீ பலகையில் மூன்றரைதான் மிஞ்சும். செய்யலாம், நான் செய்யமாட்டேன். இரண்டு அச்சுகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம்? தாள் கனத்தோடு ஒரு பலகைக் கனத்தைக் கூட்டி, மேலே 2 மி.மீ சேருங்கள்: 30, 12, 2, ஆக 44. மூடும்போது ஒவ்வொரு அட்டையும் அச்சிலிருந்து தன் கனத்தில் பாதியை உள்ளே கொண்டுவருவதால்தான் இந்தக் கணக்கு. இதை மறந்து 30-க்கே வைத்துவிட்டு அட்டை மூடாமல் வாய் பிளந்து நிற்பது நிறையப் பேருக்கு நடக்கிறது. முதுகுப்படியின் மொத்த நீளம் 44-உம் இரு பக்கமும் 6-உம், ஆக 56.

அட்டைக் கணுவுக்கு 12 மி.மீ தலை, அதன் பின்னால் 4 மி.மீ கனத்தில் 25 மி.மீ நீளமுள்ள நாக்கு. பலகை ஓரத்தில் அதே அளவுக்குக் குழி. குழிக்கு இரு பக்கமும் 4 மி.மீ சுவர் நிற்கும். பலகையிலும் நாக்கிலும் ரேகை ஒன்றுக்கொன்று குறுக்காக இருந்தும் பிசின் விடாது, ஏனென்றால் ஒட்டும் இடம் 24 மி.மீதான். அந்த அளவில் அசைவு கால் மில்லிமீட்டருக்கு மேல் வராது. ஒரே நீளத் துண்டாக 200 மி.மீ ஒட்டினால் அந்தத் துண்டு பிளக்கும், அல்லது பிசின் விடும்.

இனி, திறக்கும்போதும் மூடும்போதும் கீல் எந்த இடத்தில் தானாக நின்றுவிட வேண்டும் என்பது. இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு, எனக்கோ இதுதான் இந்த வேலையிலேயே மிக அழகான பகுதி. முதுகுப்படியின் முனையை உள்பக்க மூலையில் மட்டும் 6 மி.மீ ஆரத்தில் உருட்டுங்கள். வெளிப்பக்க மூலையைச் சதுரமாகவே விடுங்கள். புத்தகத்தை விரித்து மேசையில் வைக்கும்போது இரண்டு அட்டையும் முதுகும் ஒரே தளத்தில் படுக்கும். அதற்கு மேல் பின்னால் வளைக்கப் பார்த்தால் அந்தச் சதுர மூலை அட்டை ஓரத்தில் முட்டி நிறுத்தும். மூடும்போது உருட்டிய மூலை வழிவிடும். சரியாகச் செங்கோணம் வந்ததும் அட்டையின் ஓரம் படியின் உள்பரப்பில் உட்கார்ந்து நிற்கும். இரண்டு பக்கமும் தானாக நிற்கும் கீல், கொக்கியோ வாரோ வேண்டாம். வெளியிலிருந்து பார்த்தால் பெட்டி மூலையில் விரல் கோத்த இணைப்பு மாதிரி சதுரமாகத் தெரியும். அட்டைக் கணுக்களையும் இதேபோல வெட்டினால் வரிசை ஒன்றாக இருக்கும்.

இரண்டு மூலையையும் உருட்டிவிட்டால் என்ன? தொண்ணூறு பாகை பின்னாலும் மடியும். அது நல்லதுபோலத் தோன்றும், ஆனால் அட்டையைப் பின்னால் தள்ளுகிற கை ஒவ்வொரு தடவையும் கணுவையே நெம்பும். சதுர மூலை அந்த நெம்பலை வாங்கிக்கொள்கிறது.

துளைதான் அடுத்த சிக்கல். ஒரே பலகையில் கணு வெட்டியவர்கள் அட்டையையும் முதுகையும் கோத்துப் பிடித்து, இரு முனையிலிருந்தும் 200 மி.மீ நீளத்துக்குத் துளைக்கப் பார்ப்பார்கள். துரப்பண முனை ரேகையின் பின்னால் போகும், நடுவில் இரண்டு துளையும் சந்திக்காது. தனித்தனிப் படிகளில் அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொன்றும் 24 மி.மீ ஆழம்தான். நிற்கும் துரப்பண இயந்திரத்தின் மேசையில் இரண்டு கட்டையை இறுகப் பொருத்தி ஒரு மூலை அமைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டின் ஒரே பரப்பை அதே மூலையில் வைத்துத் துளையுங்கள். உருட்டும் வேலை துளைத்த பிறகு. முனையில் கனம் குறைந்த பிறகு துளைத்தால் விளிம்பு பெயரும். 3 மி.மீ அச்சுக்கு 3.2 துளை.

அச்சுக்கு மூங்கிலைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது. நார் முனைக்கு முனை நேராக ஓடும், மெலிந்தாலும் ஒடியாது. பிளந்து, அளவுத் துளை போட்ட இரும்புத் தகட்டில் அடித்து இழுத்தால் உருண்டையாக வரும். மரமே வேண்டும் என்றால் ரேகை நேராக ஓடும் கெட்டி மரத்தைப் பிளந்து எடுங்கள். ரம்பத்தால் அறுத்தெடுத்த குச்சியில் ரேகை எங்காவது சாய்ந்து வெளியேறியிருக்கும், அங்கே ஒடியும்.

துண்டுகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடுவது என்று கேட்டால், எந்தப் பருவத்தில் செய்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். படிகளில் ரேகை படுக்கையாக ஓடுவதால் அவை உயரவாட்டில் ஊதும். 24 மி.மீ துண்டு ஒன்று கால் மில்லிமீட்டர்வரை ஊதலாம். அட்டைக் கணுவும் ஊதும். இரண்டும் சேர்ந்து அரை மில்லிமீட்டர். வறண்ட நாளில் செய்தால் ஒவ்வொரு துண்டையும் 23.5-க்கு வெட்டுங்கள். ஈரமான நாளில் செய்தால் அப்போதே ஊதித்தான் இருக்கும், 23.8 போதும். ஆரத் திசையில் அறுத்த மரம் கிடைத்தால் இந்தக் கவலை பாதியாகும். அட்டைப் பலகைக்கும் அப்படி அறுத்ததையே தேடுங்கள். குறுக்குவெட்டு முனையைப் பார்த்தால் வளையக் கோடுகள் பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும். அது குவளைபோல வளைவதும் குறைவு.

கணுவும் பலகையும் தனித்தனி என்பதால் மரத்தையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். செதுக்க இதமான மரங்கள், லைம் (எலுமிச்சை அல்ல, லிண்டன் என்கிற மரம்), குமிழ் போன்றவை, கணுவுக்கு மென்மை. கணுவுக்கு மேப்பிள், ஈட்டி போன்ற நெருக்கமான மரம் வேண்டும். தேக்கு இரண்டுக்கும் ஆகும். ஆனால் அதில் மணல்சத்து இருப்பதால் உளியின் வாய் சீக்கிரம் மழுங்கும், எண்ணெய்ப்பசை இருப்பதால் ஒட்டுமுன் அசிட்டோனால் துடைக்க வேண்டும். ஓக் அழகானது, உறுதியானது, ஆனால் காகிதத்துக்கு ஆகாத அமில ஆவி விடும். வைத்தால் உள்பக்கம் அமிலமில்லாத தாள் ஒன்றாவது ஒட்டுங்கள், இரும்பு ஆணி எதுவும் படவிடாதீர்கள், கருநீலமாகக் கறை படியும்.

ஒட்டும்போது எல்லாவற்றையும் அச்சில் கோத்து, அச்சில் மெழுகு தேய்த்து, அட்டைக் கணுக்களின் நாக்கில் மட்டும் பிசின் தடவிப் பலகைக்குள் தள்ளுங்கள். கணுக்கள் அச்சிலேயே கோத்திருப்பதால் தாமாக ஒரே கோட்டில் நிற்கும். பிசின் பிதுங்கினால் அப்போதே ஈரத்துணியால் எடுங்கள். காய்ந்ததும் அச்சை உருவிவிடுங்கள். அட்டைகள் இரண்டும் தனியாகக் கழன்று வரும், மேசையில் மல்லாக்கப் படுக்கவைத்துச் செதுக்கலாம்.

இப்போதுதான் செதுக்கல். ஆழம் 3 மி.மீ, அதற்கு மேல் வேண்டாம். முதுகுப் பக்கம் 30 மி.மீ அகலத்துக்குச் செதுக்காமல் விடுங்கள், உள்ளே நாக்கு இருக்கிறது. அந்த வெற்றுப்பட்டை கண்ணுக்கும் நல்லது, கொடி எங்கிருந்து கிளம்புகிறது என்பதற்கு ஒரு தரை கிடைக்கும்.

மேசையில் வைத்துப் பார்க்கும் சிற்பத்துக்கும் புத்தக அட்டைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அட்டை கையில் தேயும், பையில் உரசும், வேறு புத்தகத்தின் அடியில் அழுந்தும். அதனால் வரைவதற்கு முன்பே ரேகையை நினையுங்கள். இலைநுனி, சுருள்நுனி மாதிரி மெலிந்த பகுதிகள் ரேகை ஓடும் திசையிலேயே நீளட்டும். ரேகைக்குக் குறுக்கே ஒரு கூர்நுனி விட்டால், கணுவுக்கு வந்த கதிதான் அதற்கும். வெளிக்கோட்டை நெட்டுக்குத்தாக வெட்டாதீர்கள், அடி அகலமாக, மேல் குறுகலாக, கொஞ்சம் சாய்த்து வெட்டுங்கள். அடியைக் குடைந்தால் நிழல் அழகாக விழும், ஒரு மாதத்தில் விளிம்பும் விழும்.

ஒரு இலையை எடுத்துக்கொள்வோம். முதலில் வி-வாய் உளியால் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே தடம் போடுங்கள். பின்னணியைத் தட்டை உளியால் இரண்டு மூன்று படியாக இறக்குங்கள், கொட்டாப்புளியை மெதுவாகத் தட்டினால் போதும். அப்புறம் இலையின் வளைவுக்குப் பொருந்துகிற வளைந்த வாய் உளியை எடுத்து, சாய்த்துப் பிடித்து, ஒரே அழுத்தில் கோட்டை முடியுங்கள். இரண்டு அழுத்தில் முடித்தால் நடுவில் ஒரு பல் தெரியும். இலையின் உடலில் ஒரு பாதி மேலே எழும்பும், மறுபாதி நரம்பை நோக்கித் தாழும். அந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை மில்லிமீட்டர்தான், ஆனால் பக்கவாட்டு வெளிச்சத்தில் இலை உயிரோடு இருக்கும். உளி சறுக்கிச் சீவாமல் நாரைப் பிய்க்கிறது என்றால், எதிர்த்திசையிலிருந்து வாருங்கள் அல்லது வாயைத் தீட்டுங்கள். பெரும்பாலும் தீட்டுவதுதான் வேண்டியிருக்கும். உப்புத்தாளைச் செதுக்கலின்மேல் கொண்டுபோகாதீர்கள். உளி விட்ட கூர்மையை அது ஐந்து நிமிடத்தில் சோப்புக்கட்டியாக்கிவிடும்.

ஒரு பக்கம் செதுக்கியதும் பலகை லேசாக வளையலாம். உள்பரப்பை இழைப்புளியால் இறுதியாகச் சமன்செய்வதைச் செதுக்கி ஒரு வாரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக முதலிலேயே உள்பக்கம் அரை மில்லிமீட்டர் கூடுதலாக விட்டிருக்க வேண்டும், கணுக்களோடு சேர்த்தே. பூச்சு இரு பரப்பிலும் ஒரே அளவு இருக்கட்டும். வெளியே மட்டும் பூசினால் உள்பக்கம் ஈரத்தை இழுத்து வளையும். உள்பக்கத்துக்கு அரக்குப் பூச்சு, அதாவது ஷெல்லாக், நல்லது. ஆளிவிதை எண்ணெயைக் காகிதம் படும் பக்கத்தில் வைக்காதீர்கள், தாளில் இறங்கும். வெளியே அதைப் பூசினால் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள். சுருட்டிய துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், இது மிகைப்படுத்தல் இல்லை.

தாள்களை மரத்தோடு ஒட்டிவிடாதீர்கள். தாள் தீரும், அட்டை தீராது. தாள்களை ஐந்தாறு மடிப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் மெழுகிட்ட லினன் நூலை மேலிருந்து கீழாக ஓட்டி, கீழ்ப்படியைச் சுற்றி முதுகின் வெளிப்பக்கமாக மேலே கொண்டுவந்து, மேல்படியில் முடிச்சுப் போடுங்கள். நூல் உட்கார மேல், கீழ்ப் படிகளின் விளிம்பில் சிறு வெட்டுக் கொடுத்தால் நகராது. ஒரு மடிப்பு எழுதித் தீர்ந்தால் அந்த நூலை மட்டும் அவிழ்த்துப் புதியதை வைக்கலாம்.

இந்த நூல்கள் மேல்படியையும் கீழ்ப்படியையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கும். இழுத்தால் நடுவிலுள்ள துண்டுகள் நெருங்கிக் கீல் இறுகும். முனை இரண்டும் முதுகுப்படியாக இருக்க வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். கடைசியாக அச்சைச் செருகும்போது, நடுப்பகுதி முழுக்க மெழுகுவத்தியைத் தேய்த்து, இரு முனையிலும் கடைசி 5 மி.மீக்கு மட்டும் பிசின் வைத்து மேல், கீழ்ப் படிகளோடு ஒட்டிவிடுங்கள். அச்சு அந்த இரண்டையும் விலக்கிப் பிடிக்கும், நடுவில் உள்ளவை தாராளமாகச் சுழலும். எண்ணெய் விடாதீர்கள், மரம் அதைக் குடித்துவிடும். பிசின் காய்கிற ஒரு மணி நேரமும் புத்தகத்தை விரித்தே வையுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அட்டையை லேசாக அசைத்து விடுங்கள். எங்காவது ஒரு துளி உள்ளே ஓடியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும், அச்சை உருவித் துடைக்க நேரமும் இருக்கும்.